எக்கெலி வாசலிலிருந்து ஓர் இரவு

டிசம்பரில் நார்வேயின் தலைநகர் ஒஸ்லோவில் சூரியன் உதிக்கக் காலை ஒன்பது மணி தாண்டிவிடும்; பிற்பகல் மூன்றேகாலுக்குள் மறைந்துவிடும். யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த உடம்பு இதற்கு லேசில் பழகாது. "பிள்ளை, மீனெண்ணெய் குடி, நேரத்தோடு திரைச்சீலையை மூடு, இருட்டைப் பார்த்தால் மனம் சோர்ந்துவிடும்" என்பார் பக்கத்து வீட்டு மாமி. முதல் குளிர்காலம் மூடிய திரைக்குப் பின்னால்தான் கழிந்தது.

மொழி வகுப்பு ஆசிரியை எங்களை, நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்கின் படைப்புகள் உள்ள மூங்க் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனார். எல்லோரும் அவருடைய புகழ்பெற்ற 'அலறல்' ஓவியத்தைத் தேடி விரைந்தார்கள். நான் நின்றுவிட்டது 'விண்மீன் இரவு' முன்னால். எட்வர்ட் மூங்க் 1922க்கும் 1924க்கும் இடையில் வரைந்தது. அப்போது இந்த நகரின் பெயர் கிறிஸ்தியானியா.

அந்த இரவு நீலத்தால் ஆனது. தோட்டத்துப் பனியும் நீலம், வானமும் நீலம். விண்மீன்கள் கண்ணுக்குத் தெரிவதைவிடப் பெரிதாக, தடித்த வண்ணத் திட்டுகளாக இருக்கின்றன. தொலைவில் நகரத்து விளக்குகள். அடியில், பனியின்மேல் ஒரு நிழல். வாசற்படியில் நின்ற ஓவியரின் நிழலே அது என்கிறார்கள்.

அந்த வாசல் நகரின் மேற்கே எக்கெலியில் இருந்தது. மூங்க் 1916இல் வாங்கிய வீடு; 1944இல் இறக்கும்வரை அங்கே தனியாகத்தான் வாழ்ந்தார். தாயும் அக்காவும் காசநோயில் போனபோது அவர் சிறு பையன். 1908இல் மனம் நொறுங்கி மருத்துவமனையில் கிடந்தவர். இத்தனைக்கும் பிறகு, அறுபதை ஒட்டிய வயதில், குளிர்கால இரவில் கதவைத் திறந்து வெளியே வந்து நின்று பார்த்திருக்கிறார். ஊரில் உறவுகளைப் பறிகொடுத்துவிட்டு வந்த எனக்கு அந்த நிழலைக் கடந்து போக முடியவில்லை.

இப்போது மாலை வேலை முடிந்து, மேலங்கியில் ஒளிர்பட்டி தொங்க நடந்து வரும்போது தலையை நிமிர்த்தியே வருகிறேன். புதுப்பனி விழுந்த இரவில் தெருவிளக்கின் ஒளி பனியில் பட்டுத் தாழ்ந்த மேகம்வரை எழும்புகிறது. மரத்தடி நிழல் ஊதாவாக இருக்கிறது. மூங்க் நிறங்களைக் கற்பனையாகக் கூட்டிவிட்டார் என்பவர்கள் இங்கே ஒரு ஜனவரி இரவில் வெளியே நடக்க வேண்டும்.

தன்னிடமிருந்த ஓவியங்களையெல்லாம் 1940இல் எழுதிய உயிலில் ஒஸ்லோ நகருக்கே அவர் விட்டுச்சென்றார். இங்கே உழைத்து வரி கட்டும் நமக்கும் அவற்றில் பங்குண்டு. புதிதாக வருகிற நம் பிள்ளைகளை முதல் குளிர்காலத்திலேயே கூட்டிப்போய் 'விண்மீன் இரவு' ஓவியத்தைக் காட்டுங்கள். 'அலறல்' பிறகு பார்க்கலாம்.