நடுவில் மைனஸ்

மே 6
நேற்று முழுக்க "பெட்டி, பெட்டி" என்றார் அப்பச்சி. ஆத்தா இரும்புப்பெட்டிச் சாவியைக் கொண்டுவந்து கையில் வைத்தார்கள். தட்டிவிட்டார். இன்றைக்குத்தான் புரிந்தது. இரண்டாம் கட்டுப் பரணிலிருந்து கேஸியோ கீபோர்டை இறக்கியாயிற்று.

மே 7
அடாப்டரைக் காணோம். அடியில் ஆறு பெரிய பேட்டரி போடும் அறை, பச்சை பூத்துக் கிடக்கிறது. வினிகர் தொட்டுத் தேய்த்தேன். ஸ்பிரிங் ஒன்று கையோடு வந்துவிட்டது.

மே 8
பின்பக்கம் 9 வோல்ட், அடாப்டர் ஏடி-5 என்று போட்டிருக்கிறது. துளைக்குப் பக்கத்தில் சின்னப் படம்: நடுப்புள்ளியிலிருந்து வரும் கோடு மைனஸுக்குப் போகிறது. கல்லுக்கட்டியில் ஒரு கடையில் மோடத்துக்கான அடாப்டரை எடுத்துக் கொடுத்தார்கள். அதுவும் 9 வோல்ட்தான், முனையும் கச்சிதமாக நுழைகிறது. ஆனால் நடுவில் பிளஸ். "எல்லாம் ஒண்ணுதாண்ணே" என்றார் கடைக்காரர். ஒன்றா? மாற்றிக் கொடுத்தால் உள்ளே என்னென்ன போகுமோ. இதில் வேடிக்கை, 2 ஆம்பியர் இருக்கிறதா என்றதும் "அய்யய்யோ, எரிஞ்சிரும்" என்கிறார். பழசு 850 மில்லிஆம்பியர். கூட இருந்தால் என்ன, பெட்டி தனக்கு வேண்டியதைத்தானே இழுக்கும். குறைந்தால்தான் வம்பு. பயப்பட வேண்டியதற்குப் பயமில்லை, வேண்டாததற்குப் பயம்.

ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான்.

மே 9
அப்பச்சி தூங்கவில்லை. வலது கை மட்டும் கட்டில் சட்டத்தில் தட்டிக்கொண்டே இருந்தது.

மே 11
எதிர்வீட்டில் பழைய டிரான்ஸ்பார்மர் அடாப்டர் ஒன்று, செங்கல் கனம். முனையைத் திருப்பிச் செருகினால் நடுவில் மைனஸ் வரும். 9-இல் வைத்து மீட்டரில் பார்த்தால் 13 காட்டுகிறது. சும்மா இருக்கும்போது இந்த ரகம் ஏறித்தான் காட்டும், சுமை வந்தால் இறங்கும். தெரியும். தெரிந்தும் கை வரவில்லை. அளக்காமலே இருந்திருக்கலாம்.

மே 12
கச்சேரிக் குழுவில் கிடார் வாசிக்கிற பையன் சொன்னான்: காலால் மிதிக்கிற பெடலுக்கு 9 வோல்ட், நடுவில் மைனஸ்தானாம். இத்தனை நாள் இது தோன்றவே இல்லையே! அவனுடையது 1 ஆம்பியர். நாளை மறுநாள் கொண்டுவருகிறான்.

மே 13
நடுவில் மைனஸ். கனவிலும்.

மே 14
சிவப்பு விளக்கு எரிந்தது. ஆத்தா அழுதார்கள். கட்டிலோடு ஒட்டிப் பெஞ்சு போட்டு, அப்பச்சி கையைத் தூக்கி வைத்தேன். ஒரே கட்டையைத்தான் அழுத்துகிறார். அந்தக் கட்டை மட்டும் பேசவில்லை. பக்கத்துக் கட்டைக்கு நகர்த்தினாலும் திரும்ப அங்கேயே போகிறார். உள்ளே கருப்பு ரப்பர் பட்டன் அழுக்கேறியிருக்கும், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் வரலாம். ஸ்குரூ டிரைவரை எங்கே வைத்தேன்