ரெண்டே ரெண்டு மார்க்

50 எடுத்தா பாஸ், எனக்கு 48. ரிசல்ட் பேஜை ரெஃப்ரெஷ் பண்ணிட்டே இருந்தேன், என்னமோ அது தானா 50 ஆகிடும்ங்கிற மாதிரி. நல்லவேளை சப்ளிமெண்டரி எழுதலாம்னு மெயில் வந்துச்சு, நூலிழைல போனவங்களுக்கு மட்டும்தான், முழு கோர்ஸையும் திரும்ப படிக்க வேணாம் ஒரு பேப்பர் எழுதினா போதும், ஆனா அதுல 90 எடுத்தாலும் மார்க்‌ஷீட்ல 50னுதான் போடுவாங்களாம், இது என்ன நியாயமோ. பழைய ஆன்சர் பேப்பரை வாங்கி பாத்தா கடைசி கேள்வி பாதில நிக்குது, டைம் பத்தலன்னுதான் நெனச்சிருந்தேன், பாத்தா ரெண்டு மார்க் கேள்விக்கு மூணு பக்கம் கதை எழுதி வெச்சிருக்கேன்! இன்னும் 12 நாள் இருக்கு. லீவு போட்டோவா போட்டு தள்றவனுங்க எல்லாரையும் மியூட் பண்ணியாச்சு, கோச்சுக்காதீங்கடா.