‘ரன்’ என்ற ஒற்றைச் சொல்லைப் படித்த அனுபவம்

ஆங்கிலத் தேர்வு ஒன்றுக்குப் படித்த நாள்களில், ‘ரன்’ என்ற சொல்லுக்கு அகராதியில் கண்ட பொருள்களையெல்லாம் குறிப்பேட்டில் வரிசையாக எழுதி மனப்பாடம் செய்தேன். ஆனால் வினாத்தாளில் அச்சொல் ஒரு வாக்கியத்துக்குள் வந்தபோது, மனப்பாடம் செய்தவற்றுள் எதை அங்கே பொருத்துவது என்று தெரியவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் திருத்தப் பணியில் இச்சொல்லுக்கு வினையாக மட்டுமே 645 பொருள்கள் கணக்கிடப்பட்டன என்பதைப் பின்னர் அறிந்தபோது, பட்டியல் போட்டுப் படிப்பதை அன்றே விட்டுவிட்டேன்.

எனக்கு வழி காட்டியது தமிழ் இலக்கணம்தான். தமிழில் ‘ஓடு’ தன்வினை, ‘ஓட்டு’ பிறவினை. வடிவத்தைப் பார்த்ததுமே வேறுபாடு தெரிந்துவிடும். ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் ‘ரன்’ என்ற ஒரே வடிவம் என்பதால், வினைக்குப் பின் செயப்படுபொருள் வருகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ‘த மெஷின் ரன்ஸ்’ என்றால் இயந்திரம் ஓடுகிறது. ‘ஷி ரன்ஸ் த மெஷின்’ என்றால் அவர் அதை இயக்குகிறார். ‘மெஷின்’ இருந்த இடத்தில் ‘ஸ்கூல்’ வந்தால் பள்ளியை நடத்துகிறார். இந்த ஒரு கேள்வியே எனக்குப் பாதிக் குழப்பத்தைத் தீர்த்தது.

செயப்படுபொருள் இல்லாதபோது எழுவாயைக் கவனியுங்கள். ஆறு ‘ரன்’ ஆனால் ஓடுகிறது, மூக்கு என்றால் ஒழுகுகிறது, துணியின் நிறம் என்றால் சாயம் போகிறது, நாடகம் என்றால் பல நாள் தொடர்ந்து நடக்கிறது. தமிழில் வேறு வேறு வினைகள் தேவைப்படும் இவை அனைத்திலும், இடையறாமல் செல்லுதல் என்ற ஒரே கருத்து உள்ளே இருப்பதை உணர்ந்துவிட்டால், முன்பின் பார்த்திராத பயன்பாட்டையும் ஓரளவு ஊகித்துவிடலாம்.

‘ரன்’ என்பதற்குப் பின் ‘இன்டு’, ‘அவுட்’ போன்ற சிறு சொற்கள் வரும்போது இந்த ஊகம் அவ்வளவாகச் செல்லாது; அந்தத் தொடர்களைத் தனிச் சொற்களாகவே படிப்பது நல்லது. ‘ரன் இன்டு’ என்பது எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பதையும் குறிக்கும், மோதுவதையும் குறிக்கும். பால் தீர்ந்தால் ‘த மில்க் ஹேஸ் ரன் அவுட்’ என்கிறோம். எழுவாய் நாமாகிவிட்டால் ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’ என்று ‘ஆஃப்’ சேர்ந்தாக வேண்டும். இங்கே ‘ரேன்’ என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் பலர். ‘ஹேவ்’ என்பதற்குப் பின் ‘ரன்’ என்றே வரும்.

இப்போது என் குறிப்பேட்டில் பொருள்களை எழுதுவதில்லை, முழு வாக்கியங்களையே எழுதுகிறேன். ‘த்ரீ டேஸ் ரன்னிங்’ என்பதை முதன்முறை வாசித்தபோது, மூன்று நாள் ஓடியதாக எண்ணாமல், தொடர்ந்தாற்போல் மூன்று நாள் என்று சரியாகப் புரிந்துகொண்டதற்கு அந்த வாக்கியங்களே காரணம்.