செட்டில் ஒரு குறையும் இல்லை

திருச்சியில் டிவி சர்வீஸ் வேலைக்கு வந்து எனக்கு 26 வருடம் ஆகிறது. "பேனல் போயிடுச்சு" என்று சொல்வது எங்கள் தொழிலில் பெரிய சங்கடம் இல்லை. கேட்டதும் முகம் வாடும், விலை விசாரிப்பார்கள், கொஞ்சம் பேரம் பேசுவார்கள், அப்புறம் மனதைத் தேற்றிக்கொள்வார்கள். உடைந்தது உடைந்ததுதான் என்று யாருக்கும் புரியும். எனக்குத் தொண்டையில் நிற்பது வேறு ஒரு பேச்சு: "சார், செட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனா இனிமே ஓடாது."

அதை முதன்முதலாக முழுசாகச் சொல்ல நேர்ந்தது பொன்மலையில் ஒரு வீட்டில், 2021 அக்டோபர் முதல் வாரத்தில். அப்போது நான் ஒரு கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் இருந்தேன். வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து 2013-இல் ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணத்தில் முதலில் வாங்கியது அந்த 40 இன்ச் டிவிதான். எட்டு வருடம் கழித்தும் திரையில் ஒரு கீறல் கிடையாது. ரிமோட்டுக்கு உறை போட்டிருந்தார். பில்லும் வாரண்டி அட்டையும் ஒரு ஃபைலில் தயாராக இருந்தன.

காலையில் அந்த டிவியில் இணைய வானொலி பாடும். அடுப்படியில் வேலை செய்கிற அவர் மனைவிக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தம் வைத்துவிட்டு, இவர் பேப்பர் படிப்பார். வீடியோ செயலி ஒன்று அதற்கு முன்பே "இந்தச் சாதனத்தில் இனி கிடைக்காது" என்று ஒரு வரி காட்டிவிட்டுப் போய்விட்டது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டு நின்றதுதான் வீட்டையே மாற்றிவிட்டது.

"ஒய்ஃபை ஃபுல்லா இருக்கு தம்பி. என் போன்ல அதே பாட்டு வருது. இதுல மட்டும் வரமாட்டேங்குது. வியாழக்கிழமை காலையில நல்லா பாடிச்சு" என்றார்.

சுவரிலிருந்து இறக்கிப் பின்மூடியைக் கழற்றினேன். அவரே டார்ச் பிடித்தார். பவர் சப்ளை போர்டில் வோல்டேஜ் சரி. எந்தக் கெப்பாசிட்டரும் உப்பவில்லை. பேக்லைட் ஸ்டிரிப் அத்தனையும் எரிந்தது. மூடிவிட்டுத் திரையில் வந்த எரர் செய்தியைப் படித்தபோதுதான் பிடிபட்டது. பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்றது டிவி. அந்த வாரம் இதே மாதிரி எனக்கு வந்த மூன்றாவது சர்வீஸ் கால் அது.

நடந்தது இதுதான். இணையத்தில் ஒரு தளத்தோடு பேசுமுன், அது அசல்தானா என்று டிவி அதன் சான்றிதழைப் பார்க்கும். அந்தச் சான்றிதழுக்கு யார் ஜவாப்தாரி என்று சரிபார்க்க, டிவிக்குள் ஒரு மூலச் சான்றிதழ் பட்டியல் உண்டு. ஒவ்வொரு மூலச் சான்றிதழுக்கும் காலாவதித் தேதி இருக்கும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகக் கொடுக்கும் சான்றிதழ்களை ஏராளமான தளங்கள் பயன்படுத்துகின்றன. பழைய கருவிகள் அவற்றை நம்புவதற்கு ஆதாரமாக இருந்தது டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற மூலச் சான்றிதழ். அது 2021 செப்டம்பர் 30 அன்று, நம் நேரப்படி இரவு ஏழரை மணிக்குக் காலாவதியானது. புதிய மூலச் சான்றிதழ் எப்போதோ தயார். போன்களும் கம்ப்யூட்டர்களும் அப்டேட்டில் அதை வாங்கிக்கொண்டன. இந்த டிவிக்குக் கம்பெனி கடைசியாக ஃபர்ம்வேர், அதாவது செட்டை இயக்கும் உள் மென்பொருள், விட்டது 2015-இல். அதன் பட்டியலில் புதிய பெயர் ஏறவே இல்லை.

இதை அவருக்கு என் பாஷையில் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்போ எந்த பார்ட் கெட்டுப்போச்சு?" என்றார்.

"எதுவும் கெடலைங்க சார். உள்ளே ஒரு பட்டியல் இருக்கு, அதுல ஒரு வரி சேர்க்கணும்."

"சேர்த்துடுங்க."

"என்னால முடியாது சார். கம்பெனி சேர்த்துக் கொடுத்தாத்தான் உண்டு."

சென்டரிலிருந்து கம்பெனிக்கு மெயில் போட்டேன். மாடல் டிஸ்கன்டினியூ ஆகிவிட்டது, இனி அப்டேட் கிடையாது என்று இரண்டே வரியில் பதில் வந்தது. அதற்குள் நான் ஒரு வழி செய்து வைத்திருந்தேன். டிவியின் தேதியைக் கையால் செப்டம்பர் 15-க்குப் பின்தள்ளினேன். பாட்டு வந்துவிட்டது! அடுப்படியிலிருந்து அந்த அம்மா கரண்டியோடு கூடத்துக்கே வந்து பார்த்தார்கள். பத்து நாள் ஓடியது. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் அப்போது 90 நாளுக்குத்தான் செல்லும், அதற்குள் தளக்காரர்கள் புதுப்பிப்பார்கள். வானொலிக்காரர்கள் அக்டோபர் தேதியில் புதிது போட்டதும், இன்னும் செப்டம்பரிலேயே இருந்த டிவி அதை இன்னும் பிறக்காத சான்றிதழ் என்று தள்ளிவிட்டது.

மறுபடி போனபோது அவர் கோபப்படவில்லை. ஊட்டி ரயிலைப் பற்றிப் பேசினார். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் எக்ஸ் கிளாஸ் நீராவி இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்து வந்தவை. அவை தேய்ந்தபோது பொன்மலைப் பணிமனை 2011-இல் அதே வகையில் புது இன்ஜினையே செய்து அனுப்பியது. அது வெளியே போன நாளில் இவரும் பட்டறையில் நின்றிருக்கிறார். "செஞ்சவன் இல்லேன்னா என்ன தம்பி? பொருள் நம்ம கையில இருந்துச்சு. அளந்தோம், கடைஞ்சோம், மாட்டினோம். இதுல ஏன் முடியல?"

அந்தக் கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை.

நான் தொழில் பழகிய காலத்தில் பிக்சர் டியூப் செட்டுகள். லைன் அவுட்புட் டிரான்சிஸ்டர் பி.யு.508 போனால் எந்தக் கம்பெனி செட்டாக இருந்தாலும் சிங்காரத்தோப்பில் வாங்கிப் போடலாம். பிக்சர் டியூபுக்கு உயர் வோல்டேஜ் தரும் ஃப்ளைபேக் அதே நம்பரில் இல்லாவிட்டால் ஈடான இன்னொன்றைப் பின் பார்த்து மாட்டுவோம். 2006-இல் தொடங்கிய அரசின் இலவச கலர் டிவிகள் வருடக்கணக்கில் என் மேசைக்கு வந்துகொண்டே இருந்தன. கேபிள் டிஜிட்டலான பிறகும் அவை சாகவில்லை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று பின்னால் மூன்று ஓட்டைகள் இருந்தனவே, அதில் செட்டாப் பாக்ஸைச் செருகினோம். மாறியது பாக்ஸ் மட்டும்தான். அப்புறம் அந்த பாக்ஸையே டிவிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, அதற்கு ஸ்மார்ட் என்று பெயர் வைத்தார்கள். பேனல் 15 வருடம் தாங்கும், உள்ளே பூட்டிய பாக்ஸுக்கு ஆயுள் நாலைந்து வருடம்.

கம்பெனிப் பக்கத்து நியாயத்தையும் நான் ஒதுக்கவில்லை. அந்தக் கால செட்டுகளில் மெமரி குறைவு, இன்றைய செயலிகளைத் தாங்காது. பழைய மென்பொருளோடு இணையத்தில் கிடக்கிற கருவிக்குள் யாரும் நுழைந்துவிடலாம் என்பதும் உண்மை. எல்லா மாடலுக்கும் காலாகாலத்துக்கும் ஆள் வைத்து வேலை பார்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கைவிடும்போது சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள் என்கிறேன். அந்தப் பட்டியலில் ஒரு வரி சேர்க்க எனக்கு ஒரு பென் டிரைவும் அனுமதியும் போதும். அதற்கான திறமை திருச்சியிலேயே இருக்கிறது.

இதைவிட மோசமாகவும் உலகத்தில் நடந்திருக்கிறது. வீட்டு விளக்கு, பூட்டு எல்லாவற்றையும் இயக்க ரிவால்வ் என்று ஒரு ஹப் அமெரிக்காவில் 300 டாலருக்கு விற்றது. நெஸ்ட் என்ற இன்னொரு கம்பெனி அதை வாங்கி, 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியதும், நல்ல நிலையில் இருந்த ஹப்கள் வெறும் டப்பாவாகிவிட்டன. சோனோஸ் தன் பழைய ஸ்பீக்கர்களுக்கு இனி அப்டேட் இல்லை என்று 2020 ஜனவரியில் அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொந்தளித்த பிறகு அதன் தலைமை அதிகாரி மன்னிப்புக் கேட்டார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் டிவிகளுக்கு ஒரு விதி உண்டு: ஒரு மாடலின் கடைசி செட் சந்தைக்கு வந்த பிறகு 7 வருடமாவது உதிரிபாகமும், 8 வருடமாவது ஃபர்ம்வேரும் கிடைக்க வேண்டும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், பாதுகாப்பு அப்டேட் குறைந்தது எதுவரை வரும் என்பதை விற்கும்போதே சொல்லியாக வேண்டும். நம் நாட்டிலும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு ஒரு இணையதளம் தொடங்கியது. நல்ல ஆரம்பம்தான். ஆனால் கடையில் டிவி வாங்குகிற மனிதருக்குத் தேவை, எந்த வருடம் வரை அப்டேட் வரும் என்று அட்டைப்பெட்டி மேல் அச்சிட்ட ஒரு வரி.

சென்டரில் அப்போது எங்களுக்கு ஒரு உத்தரவு இருந்தது. இப்படிப்பட்ட சர்வீஸ் கால் வந்தால் எக்ஸ்சேஞ்ச் ஆஃபரைச் சொல்ல வேண்டும். நானும் சில வீடுகளில் சொல்லியிருக்கிறேன். பளிச்சென்று படம் காட்டுகிற செட்டை வண்டியில் ஏற்றி, ஸ்கிராப் விலைக்குக் கொண்டுவந்து போட்டிருக்கிறேன். கோடவுனில் அவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து நிற்கும். ஒருநாள் மதியம் அதில் ஒன்றை பிளக்கில் செருகிப் பார்த்தேன். உடனே உயிர் வந்து, மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கேட்டது. அன்று என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. 2022-இல் வேலையை விட்டு, உறையூரில் சொந்தமாகக் கடை போட்டேன். அந்த மதியமும் அதற்கு ஒரு காரணம்.

பொன்மலைக்காரரிடம் நான் எக்ஸ்சேஞ்ச் பேச்சை எடுக்கவில்லை. அந்த டிசம்பரில், இணையத்திலிருந்து பாட்டும் படமும் எடுத்து டிவிக்குக் கொடுக்கிற ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கி வரச் சொல்லி, எச்டிஎம்ஐ-யில் செருகினேன். பின்பக்கம் சுவரில் இடித்தது. இரண்டு நாள் பொறுக்கச் சொன்னார். போய்ப் பார்த்தால், அலுமினியத் தகட்டை அறுத்து அளவாக வளைத்து, விளிம்பை அரம் போட்டு மழுக்கி, ஸ்டிக் உட்கார ஒரு பிராக்கெட் செய்து வைத்திருந்தார். ஒரு சின்ன எச்டிஎம்ஐ எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு அதில் பொருத்தினோம். கச்சிதமாக நின்றது. பாட்டு வந்தது.

ஸ்டிக்கின் பெட்டியை என்னிடம் நீட்டினார். "இதுக்கு எத்தனை வருஷம் தம்பி?"

ஆறு பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். விலை இருந்தது, தயாரித்த மாதம் இருந்தது, எந்த நாட்டில் செய்தது என்று இருந்தது. வாரண்டி ஒரு வருடம் என்று இருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் கையிலிருந்து பெட்டியை வாங்கி, ஜன்னல் பக்கம் போய் முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.