‘மெடோலார்க்’ பாட்டில் ‘ஸ’ ஒருவழியாகத் தெளிந்தது

மூன்று மாதம் இழுத்த வேலை நேற்று ராத்திரி முடிந்தது. ‘தி பேக்கர்ஸ் வைஃப்’ (ரொட்டிக்காரரின் மனைவி) என்ற அமெரிக்க இசை நாடகத்தின் எல்பி இசைத்தட்டில் ‘மெடோலார்க்’ பாட்டின் ஒவ்வொரு ‘ஸ’வும் சூடான எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி சீறிக்கொண்டிருந்தது. நேற்று முதல் முறையாகச் சீறவில்லை. பாடுகிற பேட்டி லூபோன் மூச்சு எடுக்கிற இடம்கூடக் கேட்கிறது. சந்தோஷத்தில் நான்கு தடவை போட்டுக் கேட்டேன்.

இந்த ஒரு தட்டோடு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டு என்று கேட்பவர்களுக்கு: இந்த மியூசிக்கல், நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயை எட்டவே இல்லை. 1976 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கி, ஊர் ஊராகப் போய், நவம்பரில் வாஷிங்டன் கென்னடி சென்டரோடு நின்றுவிட்டது. இசை ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். அந்த வருஷம் அவருடைய மூன்று நாடகங்கள் பிராட்வேயில் ஒரே சமயத்தில் ஓடின. வசனம், ‘ஃபிட்லர் ஆன் தி ரூஃப்’ எழுதிய ஜோசப் ஸ்டைன். தயாரிப்பு டேவிட் மெரிக். ரொட்டிக்காரராக நடித்த டோபோல் வழியிலேயே விலக, பால் சொர்வினோ வந்தார். ரொட்டிக்காரரின் மனைவி வேஷமும் கைமாறித்தான் லூபோனிடம் வந்தது.

‘மெடோலார்க்’ ஒரு நீளமான பாட்டு. ஒரு குருட்டுப் பறவை. அதன் பாட்டுக்காக அதை அன்போடு வளர்க்கிற ராஜா. கண் கொடுத்து, என்னோடு பறந்து வா என்று கூப்பிடுகிற சூரியதேவன். ராஜாவை விட்டுப் போக மனசில்லாமல் பறவை செத்துப்போகிறது. அந்தக் கதையைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் ரொட்டிக்காரரின் மனைவி வீட்டை விட்டுப் போகிறாள். மெரிக்குக்குப் பாட்டு நீளமாகப் பட்டது. ஆர்கெஸ்ட்ராவின் இசைத்தாள்களையே எடுக்க வைத்துப் பாட்டை நிறுத்தப் பார்த்தார். நாடகம் நின்ற பிறகு டேக் ஹோம் டியூன்ஸ் என்ற சின்னக் கம்பெனி நடிகர்களைக் கூப்பிட்டு இந்த எல்பியைப் பதிவு செய்தது. ஊர் ஜனங்கள் கூட்டமாகப் பாடுபவை கிடையாது, பெரும்பாலும் முக்கியப் பாத்திரங்களின் பாட்டுகள்தான். அந்த ஆறு மாதம் மேடையில் நின்றவர்களின் குரல் எனக்குக் கிடைப்பது இதில்தான். அதில் ஒரு ‘ஸ’ கெட்டாலும் என்னால் விட முடியாது.

சரி, வேலைக்கு வருகிறேன். முதலில் தட்டுதான் தேய்ந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டு முறை கழுவியும் மாற்றமில்லை. அப்புறம்தான் கார்ட்ரிட்ஜ் அலைன்மென்ட் மேல், அதாவது முள்ளைத் தாங்கும் சின்னப் பெட்டி சரியான கோணத்தில் இருக்கிறதா என்பதன் மேல், சந்தேகம் வந்தது. தட்டின் வெளி விளிம்பில் முள் நொடிக்கு 51 செ.மீ. வேகத்தில் போகிறது, உள் விளிம்பில் 21 செ.மீ.தான். உள்ளே போகப் போக தட்டின் பள்ளத்தில் உள்ள நெளிவுகள் நெருங்கிவிடுவதால், முள் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் ‘ஸ’தான் முதலில் அடிபடும்.

கோணத்தைச் சரிபார்க்கத் தட்டு மாதிரி வைக்கிற புரொட்ராக்டர் காகிதத்தைப் பிரின்ட் எடுத்தேன். மையத்திலிருந்து 66 மி.மீ.யிலும் 120.9 மி.மீ.யிலும் இரண்டு புள்ளிகள் இருக்க வேண்டும். ஸ்கேல் வைத்துப் பார்த்தால் இரண்டாவது 117-இல் இருந்தது. காகிதத்துக்கு ஏற்றபடி பிரின்டர் சுருக்கிவிட்டது. அதைச் சரிசெய்தும் சீறல் போகவில்லை. நடு ஓட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டியிருந்தேன், காகிதம் ஒன்றரை மி.மீ. அசைந்துகொண்டே இருந்திருக்கிறது! இதில்தான் ஆறு வாரம் போனது. கீறல் விழுந்த ஒரு பழைய தட்டின் மேல் காகிதத்தை ஒட்டி, தட்டின் ஓட்டையை ஒட்டியே பிளேடால் அறுத்தேன். அதற்குப் பிறகு அசையவில்லை.

கார்ட்ரிட்ஜின் முகத்தில் 0.5 மி.மீ. பென்சில் லெட் ஒன்றைக் குறுக்கே ஒட்டிக்கொள்ளுங்கள். காகிதத்தின் கோடுகளுக்கு இணையாக இருக்கிறதா என்று கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். ஒரு புள்ளியில் சரியானால் இன்னொன்றில் விலகும், பொறுமையாக மாறி மாறிப் போக வேண்டும். கடைசியில் ஸ்குரூ முறுக்கும்போது கார்ட்ரிட்ஜ் சேர்ந்து திரும்பிவிடும். இரண்டு ஸ்குரூவையும் கால் சுற்று, கால் சுற்றாக மாற்றி மாற்றி முறுக்கினால் திரும்பாது. முள்ளின் பாரத்தை 1.7 கிராமிலிருந்து 2 கிராமாக ஏற்றினேன். நீள்வட்ட முனையுள்ள முள்ளை எடுத்துவிட்டு, முனை இன்னும் மெல்லிய மைக்ரோலைன் முள் போட்டேன். பாதிச் சீறல் அலைன்மென்டில் போனது, மீதி முள்ளில்.

கம்ப்யூட்டரில் பதிவு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் கிளிக் (தட்டின் ‘டிக்’ சத்தம்) நீக்குவதைத் தானாகச் செய்ய விட்டால் ‘ட’, ‘க’ எல்லாம் மழுங்கிவிடுகின்றன. அதனால் கையால்தான் எடுக்கிறேன். இந்த ஒரு பாட்டில் மட்டும் 43 கிளிக், இரண்டு சாயங்காலம்.

இன்னொரு விஷயம், தட்டு கழுவுகிற டிஸ்டில்ட் வாட்டர். பேட்டரிக் கடையில் வாங்கியது காய்ந்ததும் வெள்ளையாகப் படிந்தது. இப்போது லேப் கெமிக்கல் கடையில் ஐந்து லிட்டர் கேனாக வாங்குகிறேன். தட்டில் கறையே இல்லை.

அடுத்து, ட்ரெவர் நன் இயக்கி 1989-இல் லண்டனில் போட்டதன் பதிவை எடுத்து இரண்டு ‘மெடோலார்க்’கையும் அடுத்தடுத்துக் கேட்க ஆசை. அந்த மேடையேற்றமும் 56 காட்சிகளோடு முடிந்துவிட்டது. மெரிக் தயாரித்து, 1967-இல் இதே வாஷிங்டனில் நின்றுபோன ‘மாதா ஹரி’ பாட்டுகளையும் தேட ஆரம்பித்திருக்கிறேன்.

அதற்கு முன் இந்த எல்பியிலேயே மற்றப் பாட்டுகள் அப்படியே கிடக்கின்றன. சொர்வினோவின் ‘இஃப் ஐ ஹேவ் டு லிவ் அலோன்’ பாட்டில் மெல்லிய இடத்தில் ஒரு ‘டப்’ கேட்கிறது. அது கீறலா தூசியா என்று ஞாயிற்றுக்கிழமை பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்.