நீலமும் ஊதாவும்: கல்லின் நிறத்தை எப்படிப் பார்ப்பது

கல் எவ்வளவு கடும் நீலமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் ஹட்டனிலிருந்து மாத்தளை வரை பலரிடம் ஊறிப்போயிருக்கிறது. நீலக்கல்லுக்கு நிறம் கொடுப்பது இரும்பும் டைட்டேனியமும். இலங்கைக் கற்களில் பொதுவாக இரும்பு குறைவு, அதனால்தான் அவை தெளிந்து ஒளிர்கின்றன. இரும்பு மிகுந்த அவுஸ்திரேலியக் கற்களில் பல, மைபோல இருண்டுவிடும். முதலில் பார்க்க வேண்டியது சாம்பல் நிறம் கலந்திருக்கிறதா என்பதை. சாம்பல் இல்லாத இளநீலம், சாம்பலடித்த கடும் நீலத்தைவிட மேல் என்பதே எங்கள் துணிபு.

பார்க்கும் வெளிச்சம் முக்கியம். மேகம் மூடிய பகலில், ஜன்னலோரம், வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். அடுத்து மஞ்சள் குண்டு பல்பின் கீழ் பாருங்கள். சில நீலம் அங்கே கறுத்துப்போகும். சில கற்கள் ஊதாவாக மாறும். அப்படித் தெளிவாக மாறும் கல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. வெள்ளை எல்.ஈ.டி. டோர்ச் உள்குறைகளைத் தேட நல்லது. அதன் கீழ் விலை பேசாதீர்கள், எந்த நீலமும் அதில் எடுப்பாகத்தான் தெரியும்.

பிறகு கல்லைத் திருப்புங்கள். நீலக்கல் ஒரு திசையில் ஊதா சாய்ந்த நீலமாகவும் மறு திசையில் பச்சை சாய்ந்த நீலமாகவும் தெரியும். பட்டை தீட்டுபவர் எடையைக் காப்பாற்றத் திசையை விட்டுக்கொடுத்தால், அந்தப் பச்சை மேல்முகத்துக்கு வந்துவிடும். நம் கற்களில் நிறம் பெரும்பாலும் ஓரிடத்தில்தான் திரண்டிருக்கும். கெட்டிக்காரர் அதை அடிமுனையில் நிறுத்துவார். மேலிருந்து கல் முழுக்க நீலம், பக்கவாட்டில் பார்த்தால் வெறும் வெள்ளை. இது ஏமாற்று அல்ல. ஆனால் அந்தக் கல்லின் அடியை மறுபடி தீட்டினால் நிறம் போய்விடும். வெள்ளைக் கிண்ணத்துத் தண்ணீரில் கல்லை அமிழ்த்துங்கள்: நிறப்பட்டைகள் நேராகவோ கோணமாகவோ இருந்தால் இயற்கைக்கு ஏற்றவை, வில்லாக வளைந்தால் தீச்சுடரில் உருக்கி வளர்த்த செயற்கைக் கல். தீட்டிய முகங்களின் விளிம்புகளில் மட்டும் நிறம் தடித்துத் தெரிந்தால், மேற்பரப்பில் நிறம் ஊட்டப்பட்டிருக்கிறது.

ஊதாவில் குழப்பம் கூட. ஊதா நீலக்கல், ஸ்பினெல் என்ற வேறொரு மணிக்கல், செவ்வந்திக்கல் (அமெதிஸ்ட்) மூன்றும் ஒரே நிறத்தில் கிடைக்கும். விலையோ வெகு தூரம். பருமனுக்கேற்ற எடை, அதாவது அடர்த்திதான் பிரித்துக்காட்டும். 0.01 கரட் காட்டும் தராசில் சிறிய பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து (தராசு தாங்கும் எடையை மீறாமல்) பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். மெல்லிய நூலில் கல்லைக் கட்டி, அடியையோ சுவரையோ தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். 2.00 கரட் கல் என்றால், 0.50 காட்டினால் நீலக்கல், 0.56 ஸ்பினெல், 0.75 செவ்வந்திக்கல். கல்லில் காற்றுக்குமிழி ஒட்டினால் எண் கூடி, நீலக்கல்லே ஸ்பினெல் என்று காட்டும்; ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழி ஒட்டாது. 2 கரட்டுக்குக் குறைந்த கல்லில் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம். செயற்கை நீலக்கல்லும் அதே 0.50தான் காட்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

கடைசியாகச் சூடு. கெவுடா எனப்படும், பால் கலந்தது போன்ற மங்கிய நீலக்கல் வகையை ஒட்சிசன் குறைந்த உலையில் 1500 பாகை செல்சியசுக்கு மேல் சுட்டால், உள்ளிருக்கும் ரூட்டைல் (டைட்டேனியம் கொண்ட கனிமம்) ஊசிகள் கரைந்து டைட்டேனியம் கல்லுக்குள் பரவி, நீலம் பிறக்கும். ஊதுகுழல் வைத்துக் கரி நெருப்பில் சுடுவது வேறு வேலை: அது ஊதாக் கல்லின் நீலத்தைக் குறைத்து இளஞ்சிவப்பை எடுத்துக்காட்டும். 10 மடங்கு லென்ஸில் ஊசிகள் அறுபடாமல் நீண்டிருந்தால் கடும் சூடு படவில்லை. புள்ளி புள்ளியாக உடைந்திருந்தால் பட்டிருக்கிறது. உள்ளே எதுவுமே தெரியாத சுத்தமான கல்லை லென்ஸால் தீர்க்க முடியாது. ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கும்போது, கல்லின் பெயர் மட்டுமல்ல, சூடும் நிறமூட்டலும் செய்யப்பட்டதா என்பதையும் அறிக்கையில் எழுதித் தரும்படி கேளுங்கள்.