சோடியத்துக்குச் சரி தப்பு தெரியுமா?

நேற்று சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நண்பனோடு ஒரே வாக்குவாதம். மூளை என்பது வெறும் வேதியியல்தான், நாம் முடிவெடுக்கிறோம் என்பதே பிரமை என்கிறான். அதற்கு அமெரிக்க மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் 1983-இல் வெளியிட்ட சோதனையைக் காட்டுகிறான்: கையை அசைக்கும் எண்ணம் நமக்கே தெரிவதற்குச் சுமார் மூன்றில் ஒரு நொடி முன்பே மூளையில் மின் அலை எழும்பிவிடுகிறதாம். சரி, இருக்கட்டும். கையை அசைப்பதும் யோசிப்பதும் ஒன்றா?

சுண்டல் விற்ற பாட்டியிடம் மூன்று பொட்டலம், இருபது இருபது ரூபாய், நூறு கொடுத்தோம், முப்பது திருப்பித் தந்தார். நாங்கள் பத்தடி நடந்திருப்போம், விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "தம்பி, இன்னும் பத்து ரூவா வரணும்பா" என்று கூப்பிட்டுக் கொடுத்தார். அவர் நரம்புகளில் சோடியம் அயனிகள், அதாவது மின்னூட்டம் கொண்ட அணுக்கள், ஓடியது உண்மை, ஆனால் முப்பது தப்பு, நாற்பதுதான் சரி என்று எந்த அயனி கண்டது?

எண்ணமெல்லாம் அணுக்களின் அசைவு மட்டுமே என்றால் அவை உண்மையென்று நம்பக் காரணமில்லை, அப்படியானால் மூளை அணுக்களால் ஆனது என்று நம்பவும் காரணமில்லை என்று 1927-இல் உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் எழுதினார். பின்னாளில், கணக்குப் போடும் இயந்திரங்கள் வந்தபின், அவரே அதைத் திரும்பப் பெற்றார். எனக்கென்னவோ முதலில் சொன்னதுதான் சரியென்று படுகிறது. கால்குலேட்டர் தன் விடை தப்பென்று தவித்துக் கூப்பிடுவதில்லையே.